முகத்தில் ஆறாத புண்: வைத்தியத்துக்குப் பின் உழவர் வாழ்வு

இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி. வயது 58. மூக்கின் இடப்பக்கத்தில் மிளகளவு ஒரு பரு. முதலில் முத்துப்போல் பளபளத்தது. பிறகு நடுவில் குழி விழுந்து பொருக்குக் கட்டியது. பொருக்கு உதிரும், சொட்டு ரத்தம் கசியும், மறுபடி பொருக்குக் கட்டும். சவரம் செய்கிறவர் ஒவ்வொரு முறையும், "கத்தியே படலியே, எப்படி ரத்தம் வருது?" என்று கேட்பார். வலி கிடையாது. வலி இல்லாததால் கவலையும் இல்லை. அக்கி என்று ஒருவர் சொல்லச் செங்காவி எழுதினார்கள். மரு என்று இன்னொருவர் சொல்லச் சுண்ணாம்பு வைத்தார்கள். கடலை பிடுங்கி முடியட்டும், கேழ்வரகு அறுத்து முடியட்டும் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படும் விவசாயிதான் இவர். ஆனால் முகத்தில் தோல் புற்றுநோய் வந்தவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் பாதை ஏறக்குறைய இதுவே.

'பயாப்சி' எனப்படும் சதைப் பரிசோதனை முடிவு வந்து, "இது தோலில் வரும் ஒருவகைப் புற்று" என்று டாக்டர் சொல்லும்போது, இத்தகைய மனிதரின் மனத்தில் நான்கு கேள்விகள் எழுகின்றன. உயிருக்கு ஆபத்தா? வீட்டில் உள்ளவர்களுக்கு ஒட்டுமா? மூக்கு போய்விடுமா? இனி வயலில் இறங்கலாமா? நான்குக்கும் பதில் உண்டு. பதில் தெரிந்தவர் தைரியமாக வைத்தியம் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார். பதில் தெரியாதவர் பயந்து பாதியில் ஓடிவிடுகிறார். அவர்களுக்காகவே இந்த விவரங்கள்.

எந்த வகைப் புற்று?

தோலில் வரும் புற்றுநோய்களில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, தோலின் அடி அடுக்கிலுள்ள செல்களில் தோன்றும் அடிச்செல் புற்று. பத்தில் எட்டுப் பேருக்கு இது தலையிலும் கழுத்திலும்தான் வருகிறது. மூக்கு, கண்ணின் ஓரம், கன்னம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். இதை 1827-இல் அயர்லாந்து டாக்டர் ஆர்தர் ஜேக்கப் விவரித்தார். எலி அரித்தது போல் சதையை மெல்ல மெல்லத் தின்பதால் 'எலிப்புண்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. உடலின் பிற பாகங்களுக்கு இது பரவுவது மிக மிக அரிது. ஆனால் விட்டுவிட்டால் மூக்கையும் இமையையும் எலும்பையும் கூட அரித்துவிடும்.

இரண்டாவது, மேலடுக்கில் தோன்றும் செதிள் செல் புற்று. கீழுதடு, காது மடல், வழுக்கைத் தலை, பழைய தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத புண் ஆகிய இடங்களில் வரும். காலிஃபிளவர் போலக் கிளம்பலாம்; கெட்டியான விளிம்புள்ள புண்ணாகவும் இருக்கலாம். கழுத்து நெறிகளுக்குப் பரவக்கூடியதாகையால் இதில் தாமதம் கூடாது.

மூன்றாவது, மெலனோமா என்னும் கருமச்சப் புற்று. இது கடுமையானது. நம் நாட்டவருக்கு முகத்தைவிட உள்ளங்காலில் வருவதே அதிகம். வெறுங்காலோடு நடக்கும் உழவர்கள் காலில் புதிதாக வளரும் கரும்புள்ளியை முள் குத்தின வடு என்று விட்டுவிடக் கூடாது.

மாடு வளர்ப்போருக்கு இது முற்றிலும் புதிய செய்தி அல்ல. நம் காளைகளுக்கு வரும் கொம்புப் புற்று செதிள் செல் வகையைச் சேர்ந்ததுதான். வெள்ளை முகம் கொண்ட ஹியர்போர்டு இன மாடுகளுக்கு வெயில் மிகுந்த நாடுகளில் கண்ணில் புற்று வருகிறது. இமையில் கருநிறம் உள்ள மாடுகளுக்கு அது குறைவு. மனிதரிலும் அப்படியே. தோலின் கருநிறம் இயற்கை போட்டுக் கொடுத்த பந்தல். அதனால்தான் வெள்ளையர் நாடுகளைவிட நம் நாட்டில் தோல் புற்று மிகக் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்திருப்பவர்களுக்கு இந்தப் பந்தல் இல்லை. அவர்களுக்கு இளவயதிலேயே இந்நோய் வரலாம். அப்படிப்பட்ட பிள்ளை பிறந்த உழவர் குடும்பம் அதை வெயில் வேலைக்கு அனுப்பாமல் வளர்ப்பது மிக முக்கியம்.

ஆபத்தா? ஒட்டுமா?

தொடக்கத்தில் வந்தால், அடிச்செல் புற்றை வெட்டி எடுத்த பிறகு நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறது. செதிள் செல் புற்றும் நெறிகளுக்குப் பரவுமுன் பிடிபட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகும். 'புற்று' என்ற சொல்லைக் கேட்டவுடன் சாவோலை வந்துவிட்டதாக நினைப்பது தவறு. களையை இரண்டு இலைப் பருவத்தில் பிடுங்குவதும், பூத்து விதை கொட்டிய பின் பிடுங்குவதும் ஒன்றல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் ஒட்டாது. இது தொழுநோயும் அன்று. மூக்கு அழுந்தியவரைப் பார்த்தவுடன் தொழுநோய் என்று முடிவு கட்டித் தனி டம்ளரில் டீ கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. உண்மையில் தொழுநோய்க்கே இன்று முழுக் குணம் தரும் மாத்திரைகள் இருக்கின்றன. அவர்களையும் ஒதுக்க நியாயம் இல்லை. அப்படியிருக்க, ஒட்டவே ஒட்டாத ஒரு நோய்க்காக ஒருவரை விலக்கி வைப்பது அறியாமை.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், இது பரம்பரையா வருமா?" என்பது வெளியே கேட்கப்படாத கேள்வி. பிறவி வெண்மை போன்ற சில அரிய குறைகள் தவிர, ஆயுள் முழுதும் வெயில் தாங்கிய முகத்தில் முதிர்ந்த வயதில் வரும் இந்தப் புற்று, பெண்ணின் கல்யாணத்துக்குத் தடையாக நினைக்க வேண்டிய நோய் அல்ல.

வைத்தியம் என்ன?

பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சைதான். புண்ணைச் சுற்றிலும் சில மில்லி மீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். மூக்கு, இமை போன்ற இடங்களில் நல்ல தோலை வீணாக்க முடியாது. அதற்காக அமெரிக்காவில் பிரெடரிக் மோஸ் என்ற டாக்டர் 1930-களில் ஒரு முறையை உருவாக்கினார். மெல்லிய அடுக்காக வெட்டி, உடனே நுண்பெருக்கியில் பார்த்து, நோயின் வேர் எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் மேலும் வெட்டுவது அந்த முறை. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. வழக்கமான அறுவை முறையும் நல்ல பலன் தருவதே.

வயது முதிர்ந்து அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு. இதில் சில வாரங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருக்கும். மேலோட்டமான சிலவகைப் புற்றுக்குப் பூசும் களிம்பும் உண்டு. எது ஏற்றது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எருக்கம்பால், சுண்ணாம்பு, பாட்டரி ஆசிட் ஆகியவற்றால் சுடுவது மேலே தோலை மூடி, கீழே நோயை வளரவிடும். முளையை நசுக்கிவிட்டுக் கோரைக் கிழங்கை மண்ணில் விடுவதற்கு ஒப்பானது அது.

போன மூக்கு திரும்புமா?

சிறிய புண் என்றால் பக்கத்துத் தோலை இழுத்துத் தைத்துவிடுவார்கள். சற்றுப் பெரிதானால் காதின் பின்புறம் அல்லது காறை எலும்பின் மேலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். மூக்கில் பெரும்பகுதி போய்விட்டால் நெற்றித் தோலைத் திருப்பி மூக்காக அமைப்பார்கள்.

இந்த நெற்றித் தோல் வைத்தியம் வெளிநாட்டிலிருந்து வந்தது அன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலிலேயே மூக்கைத் திரும்ப அமைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படைக்குக் காளை ஓட்டியவர் கவாஸ்ஜி. அவர் மராட்டியர், உழவர் குலத்தைச் சேர்ந்தவர். திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தார். பின்னர் புனே அருகே, செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர், மெழுகுத் தகட்டால் மூக்குக்கு அளவெடுத்து, அதை நெற்றியில் பரப்பிக் கோடிட்டு, அந்தத் தோலைக் கீழே திருப்பி மூக்கு அமைத்துக் கொடுத்தார். இரண்டு ஆங்கில டாக்டர்கள் கண்ணால் பார்த்த இந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளியானது. அதைப் படித்தே ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார். இன்றும் உலகெங்கும் 'இந்திய முறை' என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு காளை ஓட்டியின் முகத்தில் உலகம் கற்ற பாடம்தான், இன்று புற்றுநோயால் மூக்கு இழந்தவருக்குக் கைகொடுக்கிறது.

இதில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். நெற்றித் தோல் மூக்கில் வேர் பிடிக்கும் வரை, புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு தோல் பாலம் தொங்கும். அதன் வழியாகத்தான் ரத்தம் வருகிறது. சுமார் மூன்று வாரம் கழித்தே அதை வெட்டிச் சரிசெய்வார்கள். இந்த மூன்று வாரமும் பார்க்கச் சங்கடமாக இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நோயாளி கண்ணாடியைப் பார்த்துக் கலங்கிவிடுவார். பதியன் போட்ட கிளை வேர் விடும் வரை தாய்ச் செடியிலிருந்து அறுக்காமல் வைத்திருப்பது உழவருக்குத் தெரியும். அதே நியாயம்தான் இங்கும்.

புது மூக்கு அமைக்க முடியாதவர்களுக்கு சிலிக்கோனில் செய்த செயற்கை மூக்கு உண்டு. தோலின் நிறத்துக்கு ஏற்ப அதைச் செய்து, மூக்குக் கண்ணாடிச் சட்டத்தோடு இணைத்துத் தருவதும் உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் கட்டும் பிரிவினர் இதைச் செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் ஒரு மாதம்

அறுவைக்குப் பின் முதல் மாதம்தான் பாடுபட்ட வேலை வீணாகாமல் காக்கும் மாதம். கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

முகத் தையல் பொதுவாக ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். ஆனாலும் இரண்டு வாரம் குனிந்து களை எடுப்பது, மூட்டை தூக்குவது, கிணற்றில் இறைப்பது, ஏர் பிடிப்பது கூடாது. குனியும்போது முகத்துக்கு ரத்தம் பாய்ந்து காயம் திறக்கலாம். ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கான ஆளையும் கூலியையும் முன்பே ஏற்பாடு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. அறுவடையைக் காரணம் காட்டி வைத்தியத்தை மாதக்கணக்கில் தள்ளுவது மட்டும் கூடாது.

மாட்டுக் கொட்டகையில் படுக்கக் கூடாது. சாணம் அள்ளுவதும் எருக்குழியில் வேலை செய்வதும் வேண்டாம். காயத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். இதை மாட்டுப் புண்ணில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூச்சி மருந்து அடிக்கும் வேலையைக் காயம் முழுதும் ஆறும் வரை அடுத்தவரிடம் விட வேண்டும்.

பீடி, சிகரெட்டை அடியோடு நிறுத்த வேண்டும். புகை, தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஒட்டிய தோல் கறுத்து அழுகிப் போவதற்கு இது பெரிய காரணம். புகையிலை உதட்டில் அடக்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

தழும்பு முதலில் சிவந்து தடித்திருக்கும். பல மாதங்கள் கழித்தே வெளுத்து மென்மையாகும். முழுதும் அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். காயம் நன்றாக மூடிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வாசலின் தொட்டு விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்துவந்தால் தழும்பு இளகும். முதல் மாதத்தில் காணும் முகத்தைக் கொண்டு ஆயுள் முழுதும் இப்படித்தான் என்று முடிவு கட்டக் கூடாது.

இடத்துக்கு இடம் தொந்தரவு வேறு. இமையில் அறுவை ஆனவருக்குக் கண்ணில் நீர் வடியலாம் அல்லது கண் உலரலாம். சொட்டு மருந்தும் தூசிக்குக் கண்ணாடியும் தேவை. உதட்டில் ஆனவருக்குச் சில நாட்கள் கஞ்சி வாயோரம் வழியும். வாய் சற்றுக் குறுகலாம். டாக்டர் சொல்லித் தரும் வாய்ப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். காது மடலை இழந்தவருக்குக் காது கேட்பது பெரும்பாலும் குறையாது; கண்ணாடி மாட்டத்தான் இடம் இராது. நெற்றியில் மரத்துப் போவது பலருக்கு உண்டு. மரத்த இடத்தில் சூடு தெரியாது. அடுப்படியிலும் நெல் அவிக்கும் இடத்திலும் கவனம் தேவை.

மனசும் ஊரும்

காலில் தழும்பு இருந்தால் வேட்டி மறைக்கும். முகத்தை எதைக் கொண்டு மறைப்பது? உடம்பு குணமான பிறகும் பலர் வீட்டுக்குள் முடங்குவதற்கு இதுவே காரணம். சந்தைக்கு மகனை அனுப்புகிறார்கள். கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போவதில்லை. திருவிழாவில் தேர் இழுக்க நிற்பதில்லை. பெண்களோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கல்யாண வீட்டில் சமையற்கட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

இதையும் நோயின் ஒரு பகுதியாகவே இன்று மருத்துவ உலகம் கருதுகிறது. முகத் தோல் புற்று வந்தவர்களுக்கென்றே அமெரிக்காவில் 15 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உருவாக்கப்பட்டிருக்கிறது. மனக்கவலை, பிறரோடு பழகுதல், தோற்றம் என்று மூன்று பகுதியாக அந்தக் கேள்விகள் அமைந்துள்ளன. நோய் திரும்புமோ என்ற பயம் உண்டா, புதியவர்களைச் சந்திக்கக் கூச்சமா, தழும்பு பெரிதாகத் தெரியுமோ என்ற எண்ணம் உண்டா என்பன போன்றவற்றை அது அளக்கிறது. பெண்களும், வயதில் இளையவர்களும், உதட்டில் நோய் வந்தவர்களும் அதிகம் வருந்துவதாகத் தெரியவந்தது. வைத்தியம் முடிந்து சில மாதங்களில் பெரும்பாலோர் மனம் தேறிவிடுவதும் தெரியவந்தது. ஆகவே இந்தத் துயரம் நிலையானது அன்று.

தேற்றிக்கொள்ளச் சில வழிகள் உண்டு. முதலாவது, கேட்பவர்களுக்கு ஒரே வரியில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது. டீக்கடையில், "என்ன மாமா, மூக்குல என்ன?" என்று கேட்டால், "புத்துப் புண்ணு மாப்ளே, வெட்டி எடுத்தாச்சு. நெத்தித் தோலை இறக்கி மூக்கு வச்சிருக்காங்க. ஒட்டுற நோய் இல்லை" என்று சொல்லிவிட்டால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் ஊர் தானாக ஒரு கதை கட்டும்.

இரண்டாவது, பழைய இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்புவது. முதலில் பக்கத்து வீடு, பிறகு டீக்கடை, பிறகு சந்தை, பிறகு கல்யாண வீடு. ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை உற்றுப் பார்ப்பதில்லை. ஆண்களுக்கு மீசையும், கண்ணுக்குக் கீழ்த் தழும்புக்குக் கண்ணாடிச் சட்டமும் ஓரளவு மறைப்புத் தரும்.

மூன்றாவது, வீட்டார் நடந்துகொள்ளும் விதம். மேலே சொன்ன விவசாயி கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். "ஏங்க, கண்ணாடியத் திருப்பி வச்சிட்டா எல்லாம் சரியாயிடுமா? எனக்கு உங்க மூக்கோட கல்யாணம் ஆகலை. வாங்க, கஞ்சி ஆறுது" என்று மனைவி ஒரு வார்த்தை சொன்னால், அது ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்து. பேரப் பிள்ளைகள் பயந்தால் அடக்காமல், பக்கத்தில் உட்காரவைத்துத் தொட்டுப் பார்க்க விட வேண்டும். தாத்தாவின் முகம் அவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு செல்லாமல், யாரோடும் பேசாமல் வாரக்கணக்கில் ஒருவர் இருந்தால் அது வெறும் கூச்சம் அன்று. அதற்கும் மருத்துவமனையில் வைத்தியம் உண்டு. வீட்டில் பூச்சி மருந்து டப்பாவைப் பூட்டி வைப்பதும் அப்போது அவசியம்.

இனி வயலில் இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் வெயிலோடு பழைய உறவு கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1992-லேயே சூரியக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. வெயிலில் வேலை செய்வதால் வந்த தோல் புற்றினால் 2019-இல் மட்டும் 183 நாடுகளில் ஏறத்தாழ 19,000 பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023 நவம்பரில் கணித்துச் சொல்லின. ஜெர்மனியில் 2015 முதல் வெயிலில் வேலை செய்பவருக்கு வரும் செதிள் செல் புற்று, தொழிலால் வந்த நோயாகவே ஏற்கப்படுகிறது.

நம் முண்டாசு தலைச் சூட்டைத் தணிக்கும். ஆனால் மூக்கு, கன்னம், காது, உதடு நான்கையும் வெயிலுக்குத் திறந்துவிடும். சுற்றிலும் நான்கு விரற்கடை அகலத்துக்குக் குறையாத விளிம்பு கொண்ட பனையோலைத் தொப்பியோ துணித் தொப்பியோ வேண்டும். முண்டாசு விட மனமில்லாதவர் அதன் ஒரு முனையைக் காதையும் கன்னத்தையும் மூடிக் கட்டிக்கொள்ளலாம். நாற்று நடும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டுவது நல்ல பழக்கம். அந்தத் துண்டைச் சற்று முன்னால் இழுத்துவிட்டால் மூக்கும் தப்பும். துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் வடிந்தால், கதிரும் வடியும்.

நேரத்தை அறிய ஒரு சுலபமான வழி: நிற்பவரின் நிழல் அவர் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையான நேரம். நிழல் நீண்டிருந்தால் கடுமை குறைவு. விடிகாலையில் இறங்கிப் பத்து மணிக்கு ஏறி, நாலு மணிக்கு மேல் மறுபடி இறங்கும் பழக்கம் நம் முன்னோர் அறிந்ததுதான். சொந்த நிலத்தில் இது முடியும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நேரம் அவர் கையில் இல்லை. அவருக்குத் தொப்பியும் சட்டையும்தான் துணை. உச்சி வேளையில் அவரைக் களத்து மேட்டு மரநிழலில் வேலை செய்ய விடுவது நிலச் சொந்தக்காரரின் கடமை.

வெயில் தடுப்புக் களிம்பு விலை அதிகம். வாங்க முடிந்தவர்கள் 30 அல்லது அதற்கு மேல் எண் உள்ளதை, மூக்கு, காது, தழும்பு ஆகிய இடங்களுக்கு மட்டுமாவது பூசலாம். வியர்வையில் கரைவதால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மஞ்சளும் சந்தனமும் இதற்கு ஈடாகா.

மறு பரிசோதனை தவறக் கூடாது

ஒருமுறை தோல் புற்று வந்தவருக்கு வேறிடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியில் போவது அவசியம். மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், முகம், காதின் பின்புறம், கழுத்து, தலை, கைகள், உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகையும் உச்சந்தலையையும் வீட்டார் பார்க்கட்டும். நான்கு வாரத்தில் ஆறாத புண், சிறிது தொட்டாலே ரத்தம் கசியும் பரு, வளரும் மச்சம், கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டு, தழும்பின் ஓரத்தில் புதிய முடிச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் குறித்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

செலவுக்கு வழி

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லலாம். அங்கே பரிசோதனையும் அறுவையும் இலவசம். முகத்தைச் சீரமைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு. அது பணக்காரர்கள் அழகுக்குச் செய்துகொள்வது மட்டும் அன்று. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஏழைகளுக்கென்றே எழுந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்கள் அதை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. இதற்கு மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்றிதழ் பெற வேண்டும்.

மேலே சொன்ன விவசாயி இரண்டு வருடம் முன்பே, மிளகளவில் இருந்தபோதே போயிருந்தால், நாலு தையலோடு முடிந்திருக்கும். நெற்றித் தோலை இறக்க வேண்டியிருக்காது. இருந்தாலும் ஒன்றும் முழுகிவிடவில்லை. அடுத்த பட்டத்துக்கு அவர் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருக்கலாம். தலையில் ஓலைத் தொப்பியோடு, நெற்றியில் ஒரு கோட்டோடு. சவரம் செய்கிறவர் இனி ரத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்காது.

உழவர் பெருமக்கள் பயிரில் ஓர் இலை மஞ்சளித்தால் வரப்பில் நின்று உற்றுப் பார்க்கிறார்கள். அந்தக் கவனத்தில் பாதியைத் தம் முகத்துக்கும், பக்கத்து வரப்பில் நிற்பவர் முகத்துக்கும் காட்டினால் போதும்.